காட்டுக் கனியும் உலகச் சந்தையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், தமிழ்நாட்டிற்கும் கேரளத்திற்கும் இடையே அகத்தியமலை நிற்கிறது. அதன் கொடுமுடி 1,868 மீட்டர் உயரமுடையது. கிழக்குச் சரிவில் தாமிரபரணி பிறக்கிறது. மேற்குச் சரிவில் நெய்யாறு இறங்குகிறது. 1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அறிவியலார் குழு ஒன்று இம்மலையில் ஏறிக்கொண்டிருந்தது. பழங்குடி மக்கள் தம்மைச் சுற்றியுள்ள தாவரங்களையும் விலங்குகளையும் எவ்வெவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை நாடு முழுவதும் ஆராய்ந்துவந்த அரசுத் திட்டமொன்றைச் சேர்ந்த குழு அது. தாவரவியலார் டாக்டர் பி. புஷ்பாங்கதன் அதன் தலைவர். அம்மலையில் வாழும் காணிக்காரர் எனும் பழங்குடியினர் சிலர் வழிகாட்டிகளாக முன்னே சென்றனர்.

ஏற்றம் செங்குத்தானது. அறிவியலார் விரைவில் களைத்துப் போயினர். வழிகாட்டிகளோ சுமையுடன் சலிப்பின்றி நடந்தனர். அவர்கள் இடையிடையே கறுத்த சிறு கனி ஒன்றை வாயிலிட்டு மெல்வதைக் குழுவினர் கவனித்தனர். கேட்டுப் பெற்றுத் தாமும் தின்றனர். சோர்வு நீங்கியதை உணர்ந்தனர். கனி எந்தச் செடியினுடையது என்று வினவியபோது வழிகாட்டிகள் தயங்கினர். அச்செய்தி தம் குலத்துக்குரியது, வெளியாரிடம் சொல்லத் தக்கதன்று என்றனர். தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று குழுவினர் உறுதி கூறி நெடுநேரம் பேசிய பிறகே செடியைக் காட்டினர்.

இந்தத் தயக்கத்தைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம். இதன் பின் நடந்தவை பற்றி உலகெங்கும் கட்டுரைகள் வந்துள்ளன. பாராட்டுகளும் கண்டனங்களும் வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை விழுக்காட்டுக் கணக்கைப் பற்றியவை. ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவு உலகச் சந்தைக்கு வரும்போது அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு எவ்வளவு என்பது முக்கியமான கேள்விதான். ஆனால் அந்தப் பங்கைவிட முதன்மையான சில கேள்விகள் உள்ளன என்பதை இச்செடியின் வரலாறு காட்டுகிறது.

செடி

காணிக்காரர் காட்டிய செடியை ஆரோக்கியப்பச்சை என்பர். தாவரவியலில் இதன் பெயர் டிரைக்கோப்பஸ் செய்லானிக்கஸ். ஓடையோரங்களில், மரநிழலில், ஈர மண்ணில் வளரும் குட்டையான பூண்டு இது. நிலத்தடியிலுள்ள சிறு கிழங்குத் தண்டிலிருந்து மெல்லிய தண்டுகள் எழும். ஒவ்வொரு தண்டிற்கும் ஒரே ஓர் இலை. அந்த இலையின் அடியில் மண்ணை ஒட்டினாற்போல ஊதா கலந்த சிறு பூக்கள் பூக்கும். உறவுமுறையில் இது வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று இன்று கொள்ளப்படுகிறது. கொடியுமில்லை, பெருங்கிழங்குமில்லை, பார்ப்பவர் நம்புவது கடினம்.

பெயரிலுள்ள செய்லானிக்கஸ் என்பது இலங்கையைக் குறிக்கும். இவ்வினத்தின் ஒரு வகை இலங்கையிலும் மலேசியாவிலும் தாய்லாந்திலும் வளர்கிறது. அங்கெல்லாம் களைப்புத் தீர இதை உண்ணும் வழக்கம் இருந்ததாகப் பதிவு இல்லை. அகத்தியமலைப் பகுதியில் வளர்வது திருவிதாங்கூர் பெயரைத் தாங்கிய துணையினம். இதன் பயனை அறிந்திருந்தவர் காணிக்காரர் மட்டுமே. ஆகவே இங்கே மதிப்புள்ள பொருள் எது என்று கேட்டால், செடி என்று மட்டும் விடை சொல்லிவிட முடியாது.

அவ்வறிவு எங்கே இருந்தது? ஏட்டில் இல்லை. காணிக்காரர் பேசும் மொழி தமிழும் மலையாளமும் கலந்தது. மலம்பாஷை என்று அதற்குப் பெயர். அதற்கெனத் தனி எழுத்து இல்லை. ஊர்த் தலைவரை மூட்டுக்காணி என்றும், மருத்துவரை பிலாத்தி என்றும் அழைப்பர். நோயாளியின் முன் இரவு முழுதும் அமர்ந்து, கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி ஒலியெழுப்பிச் சாற்றுப்பாட்டுப் பாடுவது பிலாத்தியின் முறை. மூலிகை, பாட்டு, காட்டின் தெய்வம், எந்த இடத்தில் எந்தப் பருவத்தில் பறிப்பது என்ற ஒழுங்கு ஆகிய எல்லாம் சேர்ந்ததே அம்மருத்துவம். அதிலிருந்து மூலிகையை மட்டும் தனியே எடுத்துப் பெயரிட்டுக் குப்பியில் அடைக்கலாம். அறிவியல் செய்வதும் அதுவே, அதில் குற்றமில்லை. ஆனால் அப்படி எடுக்கும்போது விடுபட்டுப் போவது என்ன என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

சோதனைச்சாலையில்

கனியும் இலையும் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டன. விலங்குகளின் களைப்புத் தாங்கும் திறன், நோய் எதிர்ப்பாற்றல், கல்லீரல் பாதுகாப்பு ஆகியவற்றில் நற்பலன் தெரிவதாக ஆய்வறிக்கைகள் வெளிவந்தன. கனியில் மட்டுமன்றி இலையிலும் பயன்தரு பொருள்கள் இருப்பது தெரிந்தது. இது பெரிய வசதி. கனியைப் பறித்துக்கொண்டே போனால் செடியின் வம்சமே அற்றுவிடும். இலையை அளவாகக் கிள்ளினால் செடி பிழைக்கும்.

திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் 1979இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனத்துக்கு 1990இல் புஷ்பாங்கதன் இயக்குநரானார். ஆரோக்கியப்பச்சை இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து அங்கே உருவாக்கப்பட்டது. 1995இல் அதைத் தயாரித்து விற்கும் உரிமை கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் பத்து இலட்சம் ரூபாய். அதன்மேல், தொழிற்சாலை விலையில் 2 விழுக்காடு உரிமத்தொகை. நிறுவனம் தனக்கு வருவதில் சரிபாதியைக் காணிக்காரருக்குக் கொடுப்பதெனத் தீர்மானித்தது.

அப்படிக் கொடுக்குமாறு வற்புறுத்தும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இல்லை. 1992இல் ரியோ டி ஜெனீரோவில் கையெழுத்தான உயிரினப் பன்மை உடன்படிக்கை, பழங்குடி மக்களின் அறிவால் விளையும் பயனை அவர்களுடன் நேர்மையாகப் பங்கிட்டுக்கொள்ள ஊக்குவிக்க வேண்டுமென்று கூறியிருந்தது. அதை நடைமுறையில் செய்து காட்டிய முதல் முயற்சிகளுள் ஒன்று இது. எனவே இதன் குறைகளைப் பேசும்போது, முன்மாதிரி எதுவுமின்றி நடந்தவர்கள் என்பதையும் சேர்த்தே பேசுவது நியாயம்.

புதியதா, பழையதா?

காணிக்காரர் தாமே காப்புரிமை பெற்றிருக்கலாகாதா என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தவருக்கு அரசு இருபது ஆண்டுக்காலத் தனியுரிமை தருகிறது. அதற்கு ஈடாக அவர் தம் கண்டுபிடிப்பை எழுத்தில் வெளியிட வேண்டும். கண்டுபிடிப்பு புதியதாக இருக்க வேண்டும். அத்துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும்.

பல தலைமுறைகளாக ஊரார் அனைவரும் அறிந்திருக்கும் ஒன்று புதியதன்று. அதைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று பெயர் சொல்லவும் முடியாது. ஆகவே அறிவுக்கு உரியவர்களான மக்கள் முதல் தேர்விலேயே தோற்றுவிடுகின்றனர். அதே செடியிலிருந்து ஒரு சாற்றைப் புதிய முறையில் பிரித்தெடுக்கும் வேதியியலாரோ தேர்ச்சி பெற்றுவிடுகிறார். இதில் யாருடைய வஞ்சகமும் இருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் அமைப்பே அப்படி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புண்ணை ஆற்ற மஞ்சள் பயன்படும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் வீடுகளில் மஞ்சள் பற்றுப் போடாதவர் உண்டா? ஆனால் அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, அயல்நாட்டில் மக்கள் ஒன்றைப் பயன்படுத்திவந்தனர் என்பது மட்டும் சான்றாகாது. அது அச்சில் இருக்க வேண்டும். நம் அறிவியல், தொழிலியல் ஆராய்ச்சி மன்றம் 32 எழுத்துச் சான்றுகளைத் திரட்டி வழக்காடியது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. வேம்பிலிருந்து பூஞ்சைக்கொல்லி தயாரிக்கும் முறைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் வழங்கிய உரிமை 2000இல் நீக்கப்பட்டது. அதன்மேல் செய்த முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. இந்த அனுபவத்தின் பயனாகவே சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களிலுள்ள மருந்து முறைகளை ஐந்து அயல்மொழிகளில் பெயர்த்து, அயல்நாட்டுக் காப்புரிமை அலுவலர்கள் சரிபார்க்கும் வண்ணம் மரபறிவு மின்னூலகம் ஒன்று 2001 முதல் உருவாக்கப்பட்டது.

மஞ்சளுக்கு நூல் இருந்தது, காப்பாற்றினோம். ஆரோக்கியப்பச்சைக்கு என்ன நூல் இருந்தது? 1987க்கு முன் அதன் பயனைச் சொல்லும் ஏடு ஒன்றுகூட இல்லை. எழுதிவைத்தால் பொய்க் காப்புரிமையிலிருந்து தப்பலாம்; ஆனால் எழுதி வெளியிட்ட மறுகணமே யார் வேண்டுமானாலும் படித்து எடுத்துக்கொள்ளலாம். எழுதாமல் வைத்தால் இரகசியம் நிலைக்கும். ஆனால் பிலாத்தியோடு மறைந்தும் போகலாம். எழுத்தில்லா மரபுகள் அனைத்தும் இன்று இந்த இக்கட்டில்தான் உள்ளன.

பணம் வந்த பிறகு

1997இல் கேரளக் காணி சமுதாய நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. காணிக்காரர்களே அதன் உறுப்பினர்கள். 1999இல் ஐந்து இலட்சத்துப் பத்தொன்பதாயிரம் ரூபாய் அதன் கணக்கில் சேர்ந்தது. கேரளப் பகுதியில் அப்போது பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் தலைக்கு முப்பது ரூபாய் அளவே வரும். தனித்தனியே பங்கிடாமல் பொதுவில் வைத்தது அறிவுடைய செயல் என்றே சொல்ல வேண்டும்.

தொகை சிறிது என்பது கசப்பான செய்திதான். ஆனால் முதலில் எழுந்த சிக்கல் பணத்தின் அளவு பற்றியதன்று. யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள் என்பதே அக்கேள்வி. ஆய்வு நிறுவனம் பழகியது பெரும்பாலும் குற்றிச்சல் ஊராட்சிப் பக்கத்துக் காணிக்காரருடன். விதுரை, பெரிங்கம்மலை ஊராட்சிகளில் இருந்தவர்களுக்கு இதில் தொடர்பு குறைவு. அப்பகுதிகளைச் சேர்ந்த மருத்துவர்கள் சிலர், தம் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பதை ஏற்கமாட்டோம் என்று 1995இலேயே மாநில முதலமைச்சருக்கு எழுதினர். அவர்கள் கேட்டது கூடுதல் பங்கன்று. அந்த அறிவு விற்பனைக்குரியதே அன்று என்பது அவர்கள் கருத்து. வழிகாட்டிகள் முதலில் தயங்கியதும் இதனால்தான். பிலாத்தி காத்துவரும் செய்தியை வழியில் வந்த இளைஞர் வெளியிடலாமா? குலத்தின் பெயரால் ‘சரி’ சொல்ல யாருக்கு அதிகாரம்? கோயம்புத்தூருக்கும் பாலோட்டுக்கும் இடையே எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் இதற்கு இடமில்லை. ஒப்பந்தத்தில் காணிக்காரர் கையெழுத்திட்ட தரப்பே அல்லர். கொடையின் பயனாளிகள் மட்டுமே.

மேலும், அறக்கட்டளையின் பெயரிலேயே கேரளம் இருக்கிறது. மலையின் கிழக்குப் பக்கத்தில், பாபநாசத்துக்கு மேலே, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி முதலிய இடங்களிலும் காணிக்காரர் வாழ்கின்றனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை மலைகளிலும் வாழ்கின்றனர். கன்னியாகுமரி மாவட்டப் பகுதி திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து தமிழகத்துடன் இணைந்தது 1956 நவம்பர் 1இல். அன்று வரைந்த மாநில எல்லை ஒரே குலத்தின் நடுவே சென்றது. செடிக்கு எல்லை தெரியாது, சாற்றுப்பாட்டுக்கும் தெரியாது. ஆனால் பங்குத்தொகை எல்லைக்கு மேற்கேயே நின்றுவிட்டது.

அடுத்த தடை மண்ணில் வந்தது. ஜீவனி தயாரிக்க இலை வேண்டும். காணிக் குடும்பங்களுக்கு இச்செடியைப் பயிரிடும் பயிற்சியளிக்கப்பட்டது. இலையை விலைக்கு விற்கவும் செய்தனர். உரிமத்தொகையைவிட அவர்கள் கைக்கு நேரே வரக்கூடிய வருமானம் இதுவே. இயற்கையான காட்டுநிழலில் வளரும் செடியில்தான் மருந்துப் பண்பு முழுமையாக இருக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து; தோட்டத்தில் நட்டால் செடி வளரும், ஆனால் அதே குணம் கிடைப்பதில்லை. காடோ அரசின் காப்புக்காடு. அரிய செடியை வணிகத்துக்காகப் பறித்தால் அழிந்துவிடும் என்று வனத்துறை அஞ்சியது. அந்த அச்சம் வீணானதன்று. செடியின் புகழ் பரவியதும் வெளியாட்கள் வந்து வேரோடு பிடுங்கிச் சென்றதுண்டு. ஆயினும் முடிவு என்னவாயிற்று? செடியைக் காட்டிக்கொடுத்தவர்கள் அதைப் பயிரிட்டு விற்கவும் அனுமதிக்குக் காத்திருக்க நேர்ந்தது. இலை வரத்து தட்டுப்பட்டதால் மருந்து உற்பத்தியும் தேங்கியது. உற்பத்தி இல்லையேல் 2 விழுக்காடு எதன்மேல் கணக்கிடுவது?

காணி என்ற சொல்லுக்குத் தமிழில் நிலம் என்றும் நிலவுரிமை என்றும் பொருள் இருப்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்கிடையே ஓர் அமெரிக்க நிறுவனம் ஜீவனி என்ற பெயரைத் தன் வணிகக்குறியாக அந்நாட்டில் பதிந்துகொண்டது. ஜீவனிக்கு அயல்நாடுகளில் பெயர்க் காப்பு எதுவும் முன்கூட்டிச் செய்யப்பட்டிருக்கவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் பதிவுசெய்து காக்கப் பெரும் பொருட்செலவும் வழக்கறிஞர் துணையும் வேண்டும். மலைக்கிராமத்து அறக்கட்டளையால் அது ஆகிற காரியமா?

கலகாரிப் பாலையில்

ஏறத்தாழ இதே ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் இதையொத்த நிகழ்ச்சி ஒன்று நடந்தது. கலகாரிப் பாலைநிலத்திலும் அதனைச் சூழ்ந்த நாடுகளிலும் வாழும் சான் மக்கள் உலகின் மிகத் தொன்மையான வேட்டைச் சமூகங்களுள் ஒன்று. நெடுந்தொலைவு வேட்டைக்குச் செல்லும்போது பசியும் தாகமும் தெரியாதிருக்க ஹூடியா என்னும் சதைப்பற்றுள்ள செடியின் தண்டை முள் நீக்கி மெல்வது அவர்கள் வழக்கம். பார்வைக்குக் கள்ளி போலிருந்தாலும் இது எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் கரட்டு நிலங்களில் விளையும் கள்ளிமுளையான் இதன் நெருங்கிய உறவு.

தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல், தொழிலியல் ஆராய்ச்சி மன்றம் இச்செடியிலிருந்து பசியடக்கும் பொருளைப் பிரித்து 1990களின் இடையில் காப்புரிமை கோரியது. 1997இல் பிரிட்டனின் பைட்டோஃபார்ம் நிறுவனத்துக்கு உரிமம் அளித்தது. அடுத்த ஆண்டு அது அமெரிக்காவின் ஃபைசர் நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டது. பருமனால் வருந்தும் செல்வ நாடுகளில் பசியடக்கும் மருந்துக்குச் சந்தை எத்துணைப் பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை. சான் மக்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2001இல் செய்தித்தாள்கள் இதை வெளிப்படுத்தியபோது, அம்மக்கள் அற்றுப்போய்விட்டனர் என்றே தாம் எண்ணியிருந்ததாக பைட்டோஃபார்ம் தலைவர் விளக்கம் கூறினார். அப்போது ஏறத்தாழ ஓர் இலட்சம் சான் மக்கள் உயிரோடிருந்தனர்!

சான் மக்கள் ஒரு வகையில் காணிக்காரரைவிட ஆயத்தமாக இருந்தனர். பல நாடுகளில் சிதறியிருந்த குழுக்கள் 1996 முதலே பொது அமைப்பு ஒன்றில் இணையத் தொடங்கியிருந்தன. தம் சார்பில் பேச வல்லவர் யார் என்ற கேள்விக்கு அவர்களிடம் விடை இருந்தது. 2003 மார்ச் மாதம் ஆராய்ச்சி மன்றத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: மன்றம் பெறும் உரிமத்தொகையில் 6 விழுக்காடும், ஆராய்ச்சியின் கட்டங்கள் நிறைவேறும்போது வரும் தொகையில் 8 விழுக்காடும் அவர்களுக்கு. இம்முறை அவர்கள் பயனாளிகள் அல்லர்; கையெழுத்திட்ட தரப்பினர்.

ஆயினும் பணம் பெரிதாக வரவில்லை. அதே ஆண்டில் ஃபைசர் விலகிற்று. பிறகு வந்த யூனிலீவர் 2008இல் விலகிற்று. ஹூடியாச் சாற்றை நாள்தோறும் உண்ணக் கொடுத்து நடத்திய சோதனையில் உணவு உட்கொள்ளும் அளவு குறையவில்லை. குமட்டலும் இரத்த அழுத்த உயர்வும்தான் கண்டன. இதிலிருந்து சான் மக்களின் அறிவு பொய்யென்று முடிவுகட்டலாகாது. வேட்டைக்காரன் பச்சைத் தண்டை எப்போதோ ஒருநாள், வெயிலில் ஓடும்போது, தேவைக்கேற்ப மென்றான். நிறுவனம் உலர்த்திப் பிரித்த சாற்றை, அறைக்குள் அமர்ந்திருப்பவருக்கு, நாள்தோறும் பெருமளவில் கொடுத்தது. இவை இரண்டும் ஒரே பொருளல்ல. அளவும் வேளையும் சூழலும் மரபறிவின் உள்ளடக்கமே. அவற்றைக் கழித்துவிட்டு மூலக்கூறை மட்டும் சோதித்தால் வேறொரு விடைதான் கிடைக்கும்.

இதற்குள் ஒப்பந்தம் எதிலும் சேராத வணிகர் பலர் ஹூடியா என்ற பெயரில் மாத்திரைகளை உலகெங்கும் விற்றனர். பலவற்றில் ஹூடியா இருந்ததாகவே தெரியவில்லை. காட்டில் செடி சூறையாடப்படவே, 2004இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

தோல்வியில் கற்றது வீண்போகவில்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்கிலுள்ள செடர்பெர்க் மலைப்பகுதியில் மட்டும் விளையும் ரூய்போஸ் என்ற செடியின் இலையிலிருந்து செந்நிறத் தேநீர் செய்வர். அது இன்று பல நாடுகளில் விற்பனையாகிறது. சான் மக்களும் அவர்களோடு உறவுடைய கோய் மக்களும் இதன் பயனை முதலில் அறிந்தவர்கள் என்பது அந்நாட்டு அரசின் ஆய்வு முடிவு. பல ஆண்டுப் பேச்சுக்குப்பின் 2019இல் ஒப்பந்தமாயிற்று. பண்ணையில் விற்கும் விலையின்மீது 1.5 விழுக்காடு தீர்வை வசூலித்து இரு மக்களின் மன்றங்களுக்கும் செலுத்த வேண்டும்.

முன்னையதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. ஜீவனியிலும் ஹூடியாவிலும் பங்கு ஒரே நிறுவனத்தின் ஒரே பொருளோடு கட்டப்பட்டிருந்தது; அப்பொருள் நின்றதும் பங்கும் நின்றது. ரூய்போஸில் தீர்வை தொழில் முழுவதன்மீதும் விழுகிறது. எந்த நிறுவனம் எந்தப் பெயரில் விற்றாலும் மூலப்பொருள் பண்ணையிலிருந்துதானே வர வேண்டும்? காப்புரிமை இருபது ஆண்டில் முடிந்துவிடும். தேயிலை பறிப்பது நடந்துகொண்டேயிருக்கும். இதிலும் குறைகூறுவோர் இலர் என்று சொல்வதற்கில்லை. செடர்பெர்க்கிலேயே சிறு நிலங்களில் இதைப் பயிரிடும் கோய் வழியினர், தேசிய மன்றங்களுக்குப் போகும் பணம் தம் ஊருக்கு எப்போது வருமென்று கேட்கின்றனர். யார் பேசுவது என்ற கேள்வி அங்கேயும் முடிந்துவிடவில்லை.

இன்றைய சட்டம்

இந்தியாவில் இப்போது நிலைமை 1995ஐப் போன்றதன்று. உயிரினப் பன்மைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டின் சிறு விளைபொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு ஒப்புக்கொள்கிறது. உயிரினப் பன்மையோடும் பண்பாட்டுப் பன்மையோடும் தொடர்புடைய மரபறிவின்மீது சமூகத்துக்குள்ள உரிமையையும் ஒரு பிரிவில் சொல்கிறது. இவ்விரண்டும் அன்றே இருந்திருந்தால் ஆரோக்கியப்பச்சை இலை வனச்சோதனைச் சாவடியில் நின்றிருக்காது எனலாம். உலக அளவில் 2010இல் நகோயா நெறிமுறை உருவாகி 2014இல் நடைமுறைக்கு வந்தது. 2024 மே 24 அன்று ஜெனீவாவில் புதிய உடன்படிக்கை ஒன்று ஏற்கப்பட்டது. காப்புரிமை கேட்பவர் தம் கண்டுபிடிப்பு எந்த நாட்டு உயிரினத்தையோ எந்த மக்களின் அறிவையோ அடிப்படையாகக் கொண்டது என்பதை விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கால் நூற்றாண்டுப் பேச்சுக்குப்பின் கிடைத்தது இது. தெரிவிக்க வேண்டும் என்கிறதே தவிர, பங்கிட வேண்டும் என்று அது சொல்லவில்லை.

நம் சட்டம் 2023இல் திருத்தப்பட்டது. நூல்களில் எழுதிவைக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோர் பயன்பங்கீடு செய்ய வேண்டியதில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. திப்பிலிக்கும் அமுக்கராவுக்கும் இது பொருந்தும். ஏட்டில் ஏறாத பிலாத்தியின் அறிவு இவ்விலக்குக்குள் வராது. ஆகவே முன்பு பலவீனமாக இருந்த எழுத்தின்மை இப்போது சிறிது பலமாகவும் மாறியிருக்கிறது. நாளைக்கு அதை எவரேனும் நூலாக்கி அச்சிட்டால் என்ன ஆகும் என்று வழக்கறிஞர்கள் வாதிட இடமுண்டு.

சட்டம் வகுத்த ஏற்பாட்டின்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் உயிரினப் பன்மை மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். உள்ளூர்ச் செடிகளையும் அவை பற்றிய அறிவையும் அது பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒரு நிறுவனம் இன்று அகத்தியமலையின் கிழக்குச் சரிவிலிருந்து ஓர் இலையை வணிகத்துக்கு எடுக்க விரும்பினால், பயன்பங்கீட்டை முடிவுசெய்யும் அரசு ஆணையங்கள் உள்ளூரில் கலந்தாலோசிக்க வேண்டியது இந்தக் குழுவையே. ஊராட்சியின் எல்லைக்குள் சமவெளி ஊர்களும் உண்டு, மலைக் குடியிருப்புகளும் உண்டு. வாக்காளரில் காணிக்காரர் சிறு தொகையினர். குழுவில் அவர்களுள் எத்தனை பேர் அமர்வது, பிலாத்தி சொல்ல விரும்பாததைப் பதிவேட்டில் வெற்றிடமாக விடலாமா, மலைக்கு அப்பாலுள்ள உறவினரைக் கேட்க வேண்டுமா என்பவற்றை அந்தந்த ஊராட்சிக் கூடத்தில்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.